கம்ப்யூட்டரின் முதுகில் பிழைத்த தெரு

சங்குகூடத் தெருவில் அமலோற்பவத்தின் கம்ப்யூட்டருக்குப் பின்னாலிருந்து முதன்முதலாக மணல் கொட்டிய அன்று அவளுக்கு வந்தது பயமும் இல்லை, பக்தியும் இல்லை, கோபம். வராமல் என்ன செய்யும்? தூத்துக்குடி உப்புக் கிட்டங்கி ஒன்றின் எடைமேடையில் உட்கார்ந்து, காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை லாரிகளை ஏற்றி இறக்கி எடை போட்டு, அந்தச் சம்பளத்தில் பதினேழு மாதம் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி வாங்கிய, ஆட்டத்துக்குப் படம் காட்டுகிற கிராபிக்ஸ் கார்டு அது. முதலில் விலை கேட்டபோது கடைக்காரன் பதினெட்டாயிரம் என்றான். பதினெட்டைச் சேர்த்துக்கொண்டு போனால், "யக்கா, இந்தக் கார்டை வச்சு ஊரு ஒலகமே கண்ணுக்குத் தெரியாத காசு தோண்டுது, இப்பம் முப்பத்தி நாலு" என்றான். முப்பத்தி நாலோடு போனால், காசு தோண்டுகிறவன் ஓய்ந்துவிட்டானாம், செயற்கை மூளை வளர்க்கிறவன் வந்துவிட்டானாம், நாற்பத்தி ஒன்று.

"தோண்டுறவனும் வாங்குவான், வளக்குறவனும் வாங்குவான். வெளையாடுறதுக்குன்னு செஞ்ச சாமான வெளையாடுறவ வாங்கக் கூடாதோ?"

"வெளையாட்டுதானக்கா, என்ன அவசரம்" என்றான் கடைக்காரன்.

வெளையாட்டுதானே. இந்த ஒற்றைச் சொல்லைக் கேட்டுக் கேட்டு அமலோற்பவத்தின் காது காய்த்துப் போயிருந்தது. நாற்பத்து நான்கு வயது. கணவன் லூக்காஸ் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை. ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் கரை. பிள்ளை குட்டி கிடையாது. இருபது வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து ஒரு வீடியோ கேம் கன்சோலை வாங்கி வந்து, "ஒத்தையில கெடக்கியே, இத வச்சுக்கோ" என்று கொடுத்தவன் அவன்தான். அன்று பிடித்தது. கன்சோல் என்பது கல்யாண மண்டபம் வாடகைக்கு எடுப்பது மாதிரி, எல்லாம் இருக்கும், ஆனால் ஆணி அடிக்க விடமாட்டான். கம்ப்யூட்டர் என்பது வீடு கட்டுவது மாதிரி, இந்த வருஷம் சுவர், அடுத்த வருஷம் கூரை, கடைசிவரை முடியாது, ஆனால் நம் வீடு, என்பது அவள் கட்சி. தெருவில் பன்னிரண்டு மணி நேரம் கிரிக்கெட் பார்க்கிற ஆம்பிளையை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவள் விளையாடினால் மட்டும், "இந்த வயசுல பாரு இவளுக்கு."

அப்படி வாங்கிய கார்டு. அதைப் பூட்டி, பாலைவனத்தில் ஒட்டகம் ஓட்டுகிற ஆட்டம் ஒன்றைப் போட்டு அரை மணி ஆகவில்லை, பெட்டியின் முதுகிலிருந்து பொலபொலவென்று செம்மணல் கொட்டியது. பார்சலில் செங்கல் வைத்து ஏமாற்றுகிற காலமாயிற்றே, கார்டுக்குள் மண்ணை அடைத்து விற்றுவிட்டான் பாவி என்று அவள் விளக்குமாறை எடுத்துக்கொண்டு பின்னால் குனிந்தாள். குனிந்தவள் முகத்தில் அடுப்பு மாதிரி ஒரு காற்று அடித்தது. ஒட்டகத்தை நிறுத்தினாள், காற்று நின்றது. ஓட்டினாள், அடித்தது. ஆட்டத்தில் சாயங்காலமானபோது காற்று கொஞ்சம் தணிந்து பேரீச்சம்பழ வாசம் வந்தது.

அவள் அறைக்கு ஒரே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே மிக்கேலம்மாளின் கருவாட்டு முற்றம். அது ஐப்பசி. ஒன்பது நாளாக வெயில் முகம் காட்டவில்லை; உப்புப் போட்ட நெத்திலியும் சாளையும் கொழகொழவென்று கிடந்து நாறத் தொடங்கியிருந்தன. அன்று மாலை ஜன்னலோரத்து நெத்திலி மட்டும் மொறுமொறுவென்று காய்ந்து, கையில் எடுத்தால் கலகலவென்றது. மிக்கேலம்மாள் அறுபது வயது மனுஷி, நாலு மகளைக் கருவாட்டிலேயே கட்டிக்கொடுத்தவள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தாள். எப்படி என்று கேட்கவில்லை. ஏன் என்று கேட்கவில்லை. "ஏட்டி அமலி, இத நாளைக்கும் போடுவியா?" என்றாள்.

அந்தத் தெரு அந்த அதிசயத்தை விழுங்கியது இப்படித்தான், மாத்திரையை வாழைப்பழத்தில் வைத்து விழுங்குவது மாதிரி. ஒரு வாரத்தில் ஜன்னல் கம்பியை அறுத்துத் தகரக் குழாய் வைத்தார்கள். இரண்டாம் வாரம் குழாய்க்கு ஐந்து கிளை போட்டுத் தெருவிலிருந்த ஐந்து கருவாட்டு முற்றத்துக்கும் கொண்டுபோனார்கள். தெருக் கமிட்டித் தலைவர் தொம்மை, அந்தக் காலத்தில் லாஞ்சுப் படகுகளின் எஞ்சின் பிரித்துப் பூட்டிய கை, கிளைக்குக் கிளை ஒரு மூடி செய்து, யார் வீட்டுக்கு எந்நேரம் பாலைவனம் என்று அட்டவணை எழுதி தெருவின் சின்னக் கோயிலான அந்தோணியார் குருசடிச் சுவரில் ஒட்டினார். கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் கேள்விப்பட்டு வெப்பமானியோடு வந்தார், அவருக்கு டீ கொடுத்தார்கள், குடித்தார், மழையில் நனைந்த காலுறையைக் குழாயோரம் காயப்போட்டு, காய்ந்ததும் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

சித்திரை பிறந்ததும் பனிமலை ஆட்டம். அவள் பனிக்கரடிக்குப் பயந்து சறுக்கிக்கொண்டு ஓட ஓட, வெளியே குழாயடியில் வஞ்சிரமும் விளமீனும் பெட்டி பெட்டியாய் விறைத்தன. ஐஸ் வாங்குகிற செலவே இல்லை. மாசி மாதக் கொசுவுக்குத் துப்பாக்கிச் சண்டை ஆட்டம், அந்த வெடிமருந்துப் புகைக்கு முன்னால் எந்தக் கொசுவர்த்தி நிற்கும்? கார் பந்தயத்தை மட்டும் ஒரே நாளோடு தடை செய்தார்கள். டயர் கருகிய நாற்றத்தில் வாயும் வயிறுமாக இருந்த பெண் ஒருத்தி மயங்கி விழுந்துவிட்டாள். அந்தோணியார் திருவிழாவுக்குச் சாமியார் பூந்தோட்ட ஆட்டம் ஒன்றைக் கேட்டு வாங்கி, பதின்மூன்று நாளும் மல்லிகைக் காற்றில் பூசை வைத்தார்.

எல்லோருக்கும் நல்லது நடந்தது. அவளுக்கு?

இங்கேதான் ஒரு கொடுமை. ஒட்டக ஆட்டத்தில் ஒரு கோட்டை வாசல் உண்டு. வாசலைத் தாண்டினால் ஆட்டம் முடிந்தது, வீரன் பாலைவனத்தை விட்டே போய்விடுவான், மறுபடி தொடங்கினால் அதே மணலும் காற்றும் வரும் என்று யார் கண்டது? ஆகவே அவள் ஜெயிக்கக் கூடாது என்பது தெருவின் சட்டம். பதினான்கு மாதம், ஐயா, பதினான்கு மாதம் ஒரு மனுஷி ஒரே ஒட்டகத்தை ஒரே மணல்மேட்டைச் சுற்றிச் சுற்றி ஓட்டினாள். கை தவறி வாசல் பக்கம் போய்விட்டால் குழாயில் காற்றின் ருசி மாறும், அதை மோப்பம் பிடித்து வெளியிலிருந்து ஐந்து முற்றமும் ஒரே குரலில் கத்தும்: "ஏ அமலி, ஜெயிச்சுராத!"

"யோவ், வெளையாடுறதே ஜெயிக்கிறதுக்குத்தாம்யா!"

"ஜெயிச்சு என்னத்த கண்ட? நேத்து காத்து பத்தல, ஒட்டகத்தக் கொஞ்சம் வெரசா ஓட்டு" என்பாள் மிக்கேலம்மாள். சொல்லிவிட்டு, ஜன்னல் வழியாகவே ஒரு கிண்ணம் கணவாய்மீன் தொக்கையும் நீட்டுவாள். தொக்கு மணக்கும்போது மனுஷியை எப்படித் திட்டுவது? அவள் தின்றாள். தின்றுகொண்டே பல்லைக் கடித்தாள். ஜாய்ஸ்டிக்கின் குமிழ் தேய்ந்து, கை வைக்காமலே ஒட்டகம் இடதுபக்கம் சாய்ந்து போகத் தொடங்கியது. அது கூட அலுத்துப்போய்த் தப்பிக்கப் பார்க்கிறது என்றுதான் அவள் நினைத்தாள். அந்தப் பதினான்கு மாதத்தில் தெருவில் எல்லோரும் கம்ப்யூட்டரின் முதுகைப் பார்த்தார்கள். அதன் முகத்தை ஒருவரும் வந்து பார்த்ததில்லை.

அவளுக்கு உயிரான ஆட்டம் வேறு. பதினொரு வருஷத்துப் பழைய ஆட்டம். ஒரு மலைக் கிராமம். எப்போதும் பொசுபொசுவென்று தூறல். ஒரு தபால்காரி, தோளில் பை, பையில் இருநூற்றுப் பன்னிரண்டு கடிதம். சுடுவது கிடையாது, குத்துவது கிடையாது. முகவரி பாதி அழிந்திருக்கும்; வீடு வீடாய்ப் போய்க் கேட்டு, மனிதர்களோடு பேசி, உரியவரைக் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். லூக்காஸ் கடலில் இருக்கிற மாதங்களில் ஒவ்வொன்றாய்க் கொடுத்து வந்தாள். இன்னும் மூன்று பாக்கி. ஆனால் இந்தக் கார்டு வந்த பிறகு அதைப் போட முடியவில்லை. போட்ட முதல் நாளே தகரக் குழாய் வழியே தூறல் போய் மிக்கேலம்மாளின் இரண்டு கூடை நெத்திலியில் பூஞ்சை பூத்துவிட்டது. குருசடி அட்டவணையில் சிவப்பு மையில் தொம்மை எழுதினார்: தூறல் ஆட்டம் கூடாது. பெட்டியைத் திருப்பி வைத்தால் தூறல் அறைக்குள், கம்ப்யூட்டரே நனைந்து சாகும். மீன் விற்காத பெரிய வெள்ளிக்கிழமை ஒன்றில் மட்டும் ஒரு மணி நேரம் விட்டார்கள்.

அடுத்த வருஷக் கார்த்திகையில் அந்தத் தூறல் ஆட்டத்தின் கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. அன்புள்ள பயனரே, முப்பதாம் தேதி மாலை ஐந்து மணியோடு இந்த ஆட்டத்தின் சர்வர் நிறுத்தப்படும், பிறகு ஆட்டம் திறக்காது, தங்கள் ஆதரவுக்கு நன்றி.

"காசு குடுத்து வாங்கினதுல்லா மைனி!" என்று ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மீன் அரிந்துகொண்டிருந்த மிக்கேலம்மாளிடம் கத்தினாள் அமலோற்பவம். "நீ கருவாடு வித்துட்டு, பத்து வருஷம் கழிச்சு வீட்டுக்குள்ள பூந்து வயித்துலருந்து புடுங்குவியா? வாங்கினவ நானு, மூடுறவன் அவனாம்!"

"வேற ஒண்ணு வாங்கிக்கிட்டாப் போச்சு. அதான் கண்ட ஆட்டமெல்லாம் வச்சிருக்கியே."

"எனக்கு மூணு நாளு வேணும். மூணு லெட்டர் குடுக்கணும்."

"மூணு நாளா? ஏட்டி, மழையப் பாத்தியா? முப்பது கூடை ஈரமாக் கெடக்கு. வெளையாட்டுக்காக நாங்க பட்டினி கெடக்கவா?"

அமலோற்பவம் எழுந்து போய்க் கம்ப்யூட்டரை அணைத்தாள். காற்று நின்றது. கதவைச் சாத்தினாள். அன்றும் மறுநாளும் திறக்கவில்லை. ஐந்து முற்றத்திலும் நாற்றம் கிளம்பியது. தொம்மை வந்து வாசலில் நின்று, "அமலி, கேளு. தெருவுக்கும் ஒரு நியாயம் இருக்குல்லா" என்றார். "தெருவுக்கு நியாயம் இருக்கு அண்ணாச்சி, நெத்திலிக்கு நியாயம் இருக்கு, கொசுவுக்குக் கூட இருக்கு. எனக்கு எங்க இருக்கு, அட்டவணையில காட்டுங்க" என்றாள் உள்ளிருந்தே. அவர் குருசடிச் சுவரில் போய்த் தேடினார். இல்லை. அதன் பிறகு பேசி முடித்தார்கள்: முப்பதாம் தேதி, அவள் வேலை முடிந்து வந்ததிலிருந்து ஐந்து மணிவரை, தூறல். கருவாடெல்லாம் அன்று தார்ப்பாய்க்குள். இரண்டரை மணி நேரத்தில் மூன்று கடிதம். ஓடினால் முடியும். அவள் சரி என்று கதவைத் திறந்தாள்.

முப்பதாம் தேதி எடைமேடையில் ஒரு லாரிக்குக் கூடத் தாமதிக்காமல் சரியாக இரண்டு மணிக்குக் கிளம்பினாள். இரண்டு இருபதுக்குத் தெருமுனை திரும்பினால் வீட்டு வாசலில் கூட்டம். எல்லோர் முகத்திலும் சிரிப்பு. தொம்மை கையில் மாலை. மிக்கேலம்மாள் வெட்கப்பட்டு அவள் பார்த்ததேயில்லை, அன்று பார்த்தாள்.

"உள்ள வந்து பாருட்டி. தெரு பூரா சேந்து ஒனக்கு வாங்கினது."

கம்ப்யூட்டரின் பக்கத் தகடு திறந்திருந்தது. உள்ளே பழைய கார்டு இருந்த இடத்தில் புதியது ஒன்று, செங்கல் கனம், மூன்று விசிறி, வானவில் விளக்கு. சந்தையில் அதற்கு மேல் கார்டு கிடையாது. அவளே கடைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு வந்த சாமான். அதற்கு ஒரு முழம் மல்லிகை சுற்றிக் குங்குமமும் வைத்திருந்தார்கள்.

அவள் ஒரு விசிறியை விரலால் தொட்டுப் பார்த்தாள். அடுத்த கணம் அவள் கேட்டாள்: "பழச எங்க?"

"எக்ஸ்சேஞ்சில போட்டாச்சு" என்றாள் மிக்கேலம்மாள் பெருமையாக.

குக்கர் ஆனாலும் மிக்சி ஆனாலும் பழையதைத் தூக்கிப் போட்டுப் புதியது எடுப்பதுதான் அந்தத் தெருவின் வழக்கம். பழையதையும் புதியதையும் ஒரே வீட்டில் வைத்திருக்கிறவளைச் சமர்த்து இல்லாதவள் என்பார்கள். மதுரைக் கடையிலிருந்து வந்த ஆள் பூட்டிக்கொடுத்துவிட்டு, பழையதைப் பையில் போட்டுக்கொண்டு பதினொரு மணிக்கே மதுரை பஸ் ஏறிவிட்டான். எட்டாயிரம் குறைத்தானாம்.

அவள் உட்கார்ந்து தூறல் ஆட்டத்தைத் திறந்தாள். திரை கறுத்தது. கறுப்பில் ஒரு வரி: இந்தக் கருவியில் இந்த ஆட்டம் இயங்காது. மறுபடி திறந்தாள். மறுபடி அதே வரி. நேற்றுப் பிறந்த கார்டுக்குப் பதினொரு வருஷத்து ஆட்டத்தின் பாஷை தெரியவில்லை. கார்டு செய்கிறவன் தெரியாதபடிதான் செய்வான். தெரிந்தால் புதியதை எவன் வாங்குவான், பழையதை எவன் எறிவான்?

"என்னட்டி, போடு. தார்ப்பா எல்லாம் மூடிட்டோம்."

"ஓடாது."

"இவ்வளவு வெலை குடுத்து வாங்கினது ஓடாதா?"

"ஓடாது மைனி! வெலைக்கும் ஓட்டத்துக்கும் என்ன இருக்கு? என்ட ஒரு வார்த்த கேட்டியளா? பதினாலு மாசமா ஜெயிக்காத, ஜெயிக்காதன்னிய, சரின்னேன். ஒட்டகத்தச் சுத்து, சுத்துன்னிய, சுத்துனேன். ஒரே ஒரு நாளு கேட்டேன். அந்த ஒரு நாளையும் பூ வச்சுப் பொட்டு வச்சுப் புடுங்கிட்டியளே, நல்லா இருப்பியளா!"

தொம்மை மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். மணி இரண்டே முக்கால்.

கோபம் சிலருக்குக் கண்ணை மறைக்கும். அமலோற்பவத்துக்கு அன்று புத்தியைத் திறந்தது. கார்டு என்பது மேல்வேலைக்கு வந்த ஆள்தானே? அது இல்லாமலும் கம்ப்யூட்டருக்குப் படம் காட்டத் தெரியும்; பிராசசருக்குள்ளேயே சின்னதாய் ஒரு படச்சில்லு உண்டு, ஒருவரும் மதிக்காத ஏழைச் சில்லு. அவளுடைய பிராசசரும் பழசு, ஆட்டமும் பழசு. ஒன்றுக்கொன்று தெரிந்தவர்களாகத்தான் இருக்கும். அவள் மின்சாரத்தை அணைத்தாள், ஸ்குரு கழற்றினாள், அந்தச் செங்கல் கனத்துப் புதுக்கார்டை மல்லிகையோடும் குங்குமத்தோடும் பிடுங்கி மிக்கேலம்மாள் கையில் கொடுத்தாள். "இத வச்சுக் கருவாடு அரி."

வயரை மதர்போர்டிலேயே செருகித் திறந்தாள். மலைக் கிராமம் வந்தது. ஆனால் எப்படி வந்தது? ஒரு காலெடுத்து வைத்தால் மறுகால் வைக்க நாலு நொடி; தூறல் துளி துளியாய் எண்ணி எண்ணி இறங்கியது. தபால்காரி பழைய புகைப்பட ஆல்பத்தைப் புரட்டுவது மாதிரி விட்டு விட்டு நடந்தாள். பெட்டியின் முதுகில் காற்று இல்லை, ஈரம் இல்லை, ஒன்றுமில்லை. அவள் கோபத்துக்கு ஒதுங்கிக் குழாயடியில் போய் நின்றவர்களுக்கு நிற்கக் காரணம் இல்லாமல் போயிற்று. அவர்கள் ஒவ்வொருவராக, செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வந்து, முதல்முறையாகத் திரையின் முன்பக்கம் நின்றார்கள்.

"ஆரு இந்தப் புள்ள? கொட கூட இல்லாம நனையுதே" என்றாள் மிக்கேலம்மாள்.

"தபால்காரி."

"இந்த வழுக்கையன் ஆரு?"

"ரொட்டி சுடுறவன். இந்த லெட்டர் அவன் தம்பிக்கு. ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்த கெடையாது."

"சொத்துத் தகராறாத்தான் இருக்கும்" என்றார் தொம்மை. இருந்தது.

மூன்றே முக்காலுக்கு முதல் கடிதம் போய்ச் சேர்ந்தது. தம்பிக்காரன் பிரித்துப் படித்துவிட்டு அண்ணன் பக்கத்தில் மாவு பிசைய உட்கார்ந்தபோது பின்னால் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். இரண்டாவது கடிதத்துக்குள் அறை நிறைந்து வாசல் நிறைந்து, ஜன்னலில் அறுத்த கம்பி வழியே பத்துத் தலை. "இடப்பக்கம் போட்டி, அந்த மஞ்ச வீடு முன்னமே பாத்தோம்லா!" "பாலத்துல போவாத, வழுக்கும்!" நாலு முப்பத்தெட்டுக்கு இரண்டாவது. மூன்றாவது மலை உச்சியில் தனியாக இருக்கிற ஒரு வீட்டுக்கு. யார் இருக்கிறார்கள் என்று பதினொரு வருஷமாக அவளுக்கே தெரியாது. முகவரியில் பெயர் இல்லை.

நாலு ஐம்பது. படி ஏறினாள். படி ஏறினாள். நாலு ஐம்பத்தைந்து. மிக்கேலம்மாள் அவள் தோளைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. நாலு ஐம்பத்தெட்டு, கதவைத் தட்டினாள். உள்ளே ஒரு விளக்கு எரிந்தது. யாரோ நடந்து வருகிற நிழல். ஒரு காட்சி நின்று, அடுத்த காட்சி வர, கதவு ஒரு சாண் திறந்தது. ஒரு கை தெரிந்தது.

"ஜெயிச்சிரு" என்றாள் மிக்கேலம்மாள். "ஏட்டி, சீக்கிரம் ஜெயிச்சிரு!"

திரை கறுத்தது. தங்கள் ஆதரவுக்கு நன்றி.

பிடித்த தோளை விடாமலே மிக்கேலம்மாள் கேட்டாள், "கதவத் தொறந்தது ஆரு?"

"தெரியாது மைனி."

"இனி எப்பத் தெரியும்?"

"தெரியாது. மூடிட்டான்."

"மூடிட்டானா?" மிக்கேலம்மாளின் குரல் ஏறியது. "இத்தன சனம் பாத்துக்கிட்டு நிக்கையில, வாசல்ல ஒரு பொம்பளப் புள்ள நனைஞ்சுக்கிட்டு நிக்கையில, மூடிட்டானா? ஆருட்டி அவன்? எங்கன இருக்கான்?"

அமலோற்பவம் மின்னஞ்சலின் அடியில் இருந்த விலாசத்தைக் காட்டினாள். ஏதோ ஒரு குளிர் தேசம். தொம்மை கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டு, "கடக்கரை ஊர்தானா?" என்று கேட்டார். ஆமாம் என்றாள். "அப்பம் சரி" என்று அவர் லாஞ்சு எஞ்சினைப் பார்க்கக் கிளம்பினார். சங்குகூடத் தெருவில் அப்படியொரு கோபத்தை அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை. மீன் விலை விழுந்தபோது இல்லை, வலை அறுந்தபோது இல்லை. புதுக்கார்டைத் திருப்பிக் கொடுத்து டீசல் வாங்கினார்கள். பாலைவனத்தில் காய்ந்த நெத்திலி எந்தக் கடலிலும் கெடாது என்பதால் அதில் நாற்பது மூட்டை ஏற்றினார்கள். எடைமேடையில் அமலோற்பவம் லீவு எழுதிக் கொடுத்தாள். காரணம் என்ற இடத்தில், வேலை இருக்கிறது, என்று மட்டும் எழுதினாள்.

ஒன்பதாம் நாள் கிளம்பிய ஆறு லாஞ்சுகளையும் கரையிலிருந்து பன்னிரண்டு கடல் மைலில் காவல் கப்பல் ஒன்று மறித்தது. ஒலிபெருக்கியில் அதிகாரி, எங்கே போகிறீர்கள், வலையும் இல்லை, மீன் பிடிக்கவும் இல்லை, என்ன காரியம் என்று கேட்டார். முன்லாஞ்சின் அணியத்தில், படகின் மூக்கில், அரிவாள்மணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மிக்கேலம்மாள் எழுந்து நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினாள்:

"ஒரு லெட்டரு பாக்கி இருக்குய்யா! குடுத்துட்டு வாறோம், வழி விடு!"